குழாய் எந்தப் பக்கம்

ஆகஸ்ட் 3

அண்ணா,

நீ போனை எடுக்கப் போவதில்லை என்று ஆகிவிட்டது. அதனால்தான் கடிதம். போனில் என் நம்பரைப் பார்த்ததும் துண்டித்துவிடலாம். கடிதத்தைக் கிழித்துப் போடுவதற்கு முன் ஒரு வரியாவது கண்ணில் பட்டுத்தான் தீரும்.

மூன்றாம் வருஷம் தொடங்கிவிட்டது. பாதி நாள் வகுப்பு, பாதி நாள் வார்டு. பக்கவாத வார்டுக்குள் நுழைந்ததும் வாடைதான் முதலில் வந்து வரவேற்கும். மேலே பினாயில், அதற்கு அடியில் மூத்திரம், அதற்கும் அடியில் ஆறிப்போன பால். இருபத்திரண்டு கட்டில்களுக்கு ஒரு ஆயா. ஒரே வாளியில் ஒரே துணியை முக்கி, ஆறு பேரை வரிசையாகத் துடைத்துக்கொண்டே போகிறாள். முகத்தையும் அதே துணியால்தான். முதல் நாள் பார்த்துவிட்டு விடுதிக்கு வந்து எதுவும் சாப்பிடவில்லை.

எங்கள் மேடத்துக்கு நாங்கள் வைத்த பெயர் அளவுகோல். மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று அளக்கும் பிளாஸ்டிக் கருவி ஒன்று எப்போதும் அவர் கழுத்தில் தொங்கும். அந்த வாடைக்கு நடுவிலேயே நின்று பிஸ்கட் சாப்பிடுவார். "மூக்கைப் பொத்தற பொண்ணுங்க எல்லாம் வேற படிப்புக்குப் போயிடுங்க" என்பார். நான் பொத்தவில்லை.

இந்தப் படிப்பில் சேர்ந்தபோது, "ஆக்குபேஷனல் தெரபின்னா என்ன, வேலை வாங்கித் தர்ற வைத்தியமா?" என்று நீ கிண்டல் செய்தாய். அப்போது எனக்கும் பதில் தெரியாது. இப்போது தெரியும். ஒரு மனுஷன் காலையில் எழுந்து பல் தேய்ப்பது, குளிப்பது, சட்டை மாட்டுவது, சாப்பிடுவது, இதையெல்லாம் மறுபடியும் அவர் கையாலேயே செய்ய வைப்பது. அவ்வளவுதான். அவ்வளவுக்கு நாலு வருஷம்.

பிப்ரவரியில் பக்கவாதம் வந்த பிறகு அப்பா எப்படி இருக்கிறார் என்று கொஞ்சம் விவரம் வேண்டும். படிப்புக்கும் உதவும். தானாக எதையெல்லாம் செய்கிறார், எதற்கெல்லாம் உன்னை எதிர்பார்க்கிறார்? கட்டிலிலிருந்து எப்படி எழுந்திருக்கிறார்? கழிப்பறை இருக்கை தரையிலிருந்து எவ்வளவு உயரம், குழாய் எட்டுகிற தூரமா? அவரைக் கவனித்துக்கொள்வதில் உன் மனநிலை எப்படி இருக்கிறது? அளந்து எழுதினால் நல்லது.

இத்துடன் ஒரு பொத்தான் பலகை அனுப்புகிறேன். துணியில் எட்டுப் பொத்தான். இடது கையால் மாட்டிக் கழற்றிப் பழக வேண்டும். நானே செய்தேன். அளவுகோல் பத்துக்கு ஒன்பது போட்டார்.

தங்கை


ஆகஸ்ட் 14

டாக்டரம்மாவுக்கு,

பார்சல் வந்தது. அப்பா பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முப்பத்தைந்து வருஷம் தையல் கடை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு பொத்தான் துளைக்குக் காஜா எடுத்த மனுஷனுக்கு எட்டுப் பொத்தான் அனுப்பியிருக்கிறாய். இடது கையால் தூக்கிக் கட்டிலுக்கு அடியிலிருக்கும் வாளியில் போட்டார். அந்த வாளி எதற்கு என்று உனக்குத் தெரியும். எடுத்துக் கழுவியது நான்தான். இப்போது உன் பலகை ஜன்னல் கதவு அடிக்காமல் இருக்க முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. பத்துக்கு ஒன்பது சரிதான்.

விவரம் கேட்டாய். காலை ஆறு மணிக்கு எழுப்புகிறேன். வலது பக்கம் மரக்கட்டை மாதிரி, அப்படியேதான் இருக்கிறது. தாங்கிப் பிடித்தால் தடியை ஊன்றிக் கழிப்பறை வரை நடப்பார். உட்கார வைத்து, வெளியே நின்று, அவர் கதவைத் தட்டியதும் உள்ளே போய்க் கழுவி விடுகிறேன். குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டிவிட்டு, ஒன்பதரைக்குக் கண்ணாடிக் கடைக்கு ஓடுகிறேன். மத்தியானம் லென்ஸ் தேய்க்கிற மெஷினை நிறுத்திவிட்டு வருகிறேன். படுக்கையில் ஏதாவது ஆகியிருக்கும். மாற்றுகிறேன். மறுபடி கடை. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. நான் பக்கத்தில் வந்தால் மட்டும் மூக்கைத் தேய்த்துக்கொள்வார்.

பேச்சு வராது. வந்தாலும் ஒன்றிரண்டு சொல்தான். இடது கையால் சாப்பிட மாட்டேன் என்று அடம். ஸ்பூன் கொடுத்தாலும் கையைத் தூர வைத்துக்கொள்கிறார். படுக்கையில் வைத்துக் கழுவி விடும்போது மட்டும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு தூங்கிவிடுவார். அவ்வளவு நிம்மதி போல.

என் மனநிலையைக் கேட்டிருக்கிறாய். அளந்து எழுத வேண்டுமாம். முதல் மாதம் அருவருப்பாக இருந்தது. கையை எத்தனை முறை சோப்புப் போட்டாலும் சோற்றில் அந்த வாடை வந்தது. அப்புறம் போய்விட்டது. இப்போது எனக்கு அருவருப்பெல்லாம் வேறு ஆட்கள் மேல்.

கழிப்பறையை அளக்க நான் உன் எடுபிடி இல்லை. பதினெட்டு வருஷம் நீயும் உட்கார்ந்து எழுந்த இடம்தான். மே மாதம் வந்தபோது அளந்திருக்கலாமே. அந்த ஞாயிற்றுக்கிழமை அதற்கு உனக்கு ரெண்டு மணி நேரம் இருந்தது.

அண்ணன்


ஆகஸ்ட் 29

அண்ணா,

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். கடைசி வரியை மட்டும் ஒரு முறை.

வார்டில் எனக்குக் கொடுத்திருப்பது ஒரு லாரி டிரைவரை. ஆறடி ஆள். இடது பக்கம் போய்விட்டது. வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான் வரும், அதுவும் ஆயாவைப் பார்த்தால் பாட்டாகவே வரும். ஸ்பூன் கைப்பிடியில் ரப்பர் சுற்றிக் கொடுத்தேன். முதல் நாள் என் முகத்தில் எறிந்தார். ஐந்தாம் நாள் பாதிக் கிண்ணம் தானே சாப்பிட்டுவிட்டு, "ஏ பொண்ணு, இதுல உப்பு இல்ல" என்றார். அன்றைக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது. நேற்று அவருக்குப் படுக்கையிலேயே போய்விட்டது. ஆயா வரவில்லை. கையுறை மாட்டிக்கொண்டு நானே கழுவி, துடைத்து, விரிப்பு மாற்றினேன். எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. இதை நீ நம்ப வேண்டும்.

உண்மையில் எனக்குக் குமட்டுவது வேறொன்று. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு தாள் உண்டு. சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை, ஒவ்வொன்றையும் அவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் மார்க் போட வேண்டும். எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் கேன்டீனில் உட்கார்ந்து போடுகிறார்கள். போன வாரம் ஒருத்தி, "பதினாலாம் கட்டில் குளிப்பாரா? சரி, அஞ்சு போட்டுக்கறேன்" என்று எழுதினாள். பதினாலாம் கட்டில்காரர் செத்து ரெண்டு நாள் ஆகியிருந்தது. அளவுகோல் அதிலும் கையெழுத்துப் போட்டார். இப்படி இருந்தால் இந்தத் தொழிலை யார் மதிப்பார்கள்? இவர்களோடு ஒரே பெஞ்சில் உட்காரவே கூசுகிறது.

நீ எழுதிய விவரங்கள் ரொம்பப் பயன்பட்டன. நன்றி.

தங்கை


அக்டோபர் 6

டாக்டரம்மாவுக்கு,

உன் கல்லூரியிலிருந்து தடிமனாக ஒரு கவர் வந்தது. உனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறிப் பிரித்தேன். ஒன்றும் ஆகவில்லை. பரிசு கிடைத்திருக்கிறது.

மூன்றாம் வருஷத்தில் ஆளுக்கு ஒரு நோயாளியை வீட்டுக்கே போய்ப் பார்த்து ஆய்வு எழுத வேண்டுமாம். சொந்தக்காரராக இருந்தாலும் பரவாயில்லையாம். நீ அப்பாவை எழுதியிருக்கிறாய். வகுப்பிலேயே சிறந்த ஆய்வாம். அதன் நகலை அனுப்பி, பரிசு தருவதற்கு முன், உள்ளதெல்லாம் சரிதான் என்று என்னைத் தனியாக ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு இருபத்தைந்தாம் தேதிக்குள் திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, அழகாக எழுதியிருக்கிறாய். "வீட்டுக்கு நேரில் சென்ற நாட்கள்: நான்கு." எந்த நாலு? உன் செருப்பு இந்த வாசலில் கிடந்து ஐந்து மாதமாகிறது. "கழிப்பறை இருக்கை உயரம்: நாற்பது சென்டிமீட்டர்." ஸ்கேலை எடுத்துப் போய் அளந்தேன். முப்பத்தாறு. "நோயாளிக்குத் தன்னைச் சுற்றி நடப்பவை குறித்த புரிதல் குறைவு." அப்படியா? "நோயாளி தானே செய்ய விரும்பும் வேலை: சட்டைப் பொத்தான் போடுதல்." வாளிக்குள் கிடந்த பலகையிடம் கேட்டு எழுதினாயா? "கழிப்பறை: முழுவதும் பிறரைச் சார்ந்திருக்கிறார். முன்னேற வாய்ப்பில்லை."

கடைசிப் பக்கத்துக்கு வருகிறேன். "பராமரிப்பாளர்: மகன், முப்பத்தொரு வயது. எரிச்சல் மிக்கவர். நோயாளியின் கழிவைக் கையாளும்போது அருவருப்பை வெளிப்படையாகக் காட்டுகிறார். இது நோயாளியின் முன்னேற்றத்துக்குத் தடையாக உள்ளது." அதற்குக் கீழே, ஒப்புதல் என்ற இடத்தில், என் கையெழுத்து. நான் கடைசி எழுத்துக்கு வால் இழுக்க மாட்டேன். நீ இழுத்திருக்கிறாய்.

முழுசாகத் தேடிப் பார்த்தேன். இந்த வீட்டில் மகள் என்று ஒருத்தி இருப்பதாக ஒரு வரிகூட இல்லை.

நான் மறந்துவிட்டேன் என்று நினைத்தாயா? மே மாதம், ஞாயிற்றுக்கிழமை. மருந்து வாங்கிவிட்டு வருகிறேன், அதுவரை பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனேன். கடை பூட்டியிருந்ததால் தூரம் போக வேண்டியிருந்தது. ரெண்டு மணி நேரம். திரும்பி வந்தபோது அப்பா கழிப்பறைத் தரையில் கிடந்தார். உடம்பெல்லாம் அப்பிக் காய்ந்து போயிருந்தது. நீ சமையலறையில் குழாயை முழுசாகத் திறந்துவிட்டுத் தொட்டியில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாய். சாயங்காலம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய், பரீட்சை இருக்கிறது என்று.

அதையே என் தலையில் கட்டி, பரிசும் வாங்கியிருக்கிறாய். இந்தக் காகிதத்தைத் தொட்ட கையைக் கழுவிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அப்பாவைக் கழுவிவிட்டு வந்துகூட நான் இப்படித் தேய்த்துக் கழுவியதில்லை.

அண்ணன்


அக்டோபர் 10

அண்ணா,

நீ என்ன திட்டினாலும் தகும். ஆனால் தயவுசெய்து அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடு.

பொய் ஆய்வு என்று தெரிந்தால் மார்க்கைக் குறைப்பதோடு விட மாட்டார்கள். போட்டது பொய்க் கையெழுத்து, அதனால் படிப்பை விட்டே அனுப்பிவிடுவார்கள். மூன்று வருஷமும் போய்விடும். செப்டம்பர் பத்துக்குள் கொடுக்க வேண்டியிருந்தது. வீட்டுக்கு வரலாம் என்று ரெண்டு முறை பஸ் நிலையம் வரை வந்தேன். ரெண்டு முறையும் திரும்பிவிட்டேன். உன் கடிதத்தில் எல்லாமே இருந்தது. எல்லாரும் கேன்டீனில் உட்கார்ந்து எழுதும்போது நான் எழுதினால் என்ன என்று தோன்றிவிட்டது. உன்னைப் பற்றி அப்படி எழுத வேண்டும் என்று நினைக்கவில்லை. நீயே 'முதல் மாதம் அருவருப்பாக இருந்தது' என்று எழுதியிருந்தாய். அதைத்தான் கொஞ்சம் நீட்டினேன். பராமரிப்பாளரிடம் ஒரு குறை காட்டினால்தான் ஆய்வு ஆழமாக இருக்கும் என்று அளவுகோல் சொல்லுவார்.

ஒரு கையெழுத்துதானே அண்ணா. அதற்கப்புறம் நீ என் முகத்திலேயே விழிக்க வேண்டாம்.

தங்கை


அக்டோபர் 14

கையெழுத்துப் போட மாட்டேன். கல்லூரிக்கு உன்னைக் காட்டிக்கொடுத்தும் எழுத மாட்டேன். இருபத்தைந்தாம் தேதி அது பாட்டுக்கு வந்து போகட்டும். என்ன நடக்குமோ நடக்கட்டும்.

'கொஞ்சம் நீட்டினேன்' என்கிறாய். ரப்பர் பாண்டா நான்?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். வாந்தி வந்ததா, சரி, எடு. எனக்கும் வந்திருக்கிறது. ரெண்டு மணி நேரம் குழாயை எதற்குத் திறந்துவிட்டாய்?

அண்ணன்


அக்டோபர் 20

அண்ணா,

நீ கேட்டதற்குப் பதில் எழுத ஐந்து நாள் ஆகிவிட்டது.

அன்றைக்கு அப்பாவைக் கழிப்பறையில் உட்கார வைத்துவிட்டு வந்திருந்தேன். சத்தம் கேட்டதும் ஓடினேன். கதவைத் திறந்தேன். இருக்கையிலிருந்து சரிந்து விழுந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் கிடந்த துண்டை இடது கையால் இழுத்துத் தன்னை மூடிக்கொள்ளப் பார்த்தார். துண்டிலும் அப்பியிருந்தது. அது அவர் வயிற்றில், மார்பில், முகத்தில் எல்லாம் பட்டது. நான் கதவைச் சாத்திவிட்டேன். சமையலறைக்குப் போய்விட்டேன். அவருக்கு எந்தச் சொல்லும் சரியாக வராது, இல்லையா? ஒன்று மட்டும் வந்தது. "சுண்டு, சுண்டு" என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அது காதில் விழக்கூடாது என்றுதான் குழாயைத் திறந்துவிட்டேன்.

போதுமா? எனக்கு என்னை நினைத்தாலே குமட்டுகிறது. லாரி டிரைவரைக் கழுவினேன் என்று உனக்கு எழுதினேனே, அதை இப்போது நினைத்தால் அதைவிட மோசமாகக் குமட்டுகிறது. யாரோ ஒருத்தரைக் கழுவிவிட்டு, பார்த்தாயா என்று உன்னிடம் நீட்டியிருக்கிறேன்.

பதினாறாம் தேதி அளவுகோலிடம் போய், ஆய்வு பொய், நாலு நாளும் பொய், கையெழுத்தும் பொய் என்று சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே, "எல்லாருமே கொஞ்சம் அப்படித்தாம்மா எழுதுவாங்க. பரிசு அறிவிச்சாச்சு. அண்ணன்கிட்ட நயமாப் பேசி ஒரு கையெழுத்து மட்டும் வாங்கிடு" என்றார். உதட்டோரத்தில் பிஸ்கட் தூள் ஒட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த மூன்று மாதத்தில் அந்த வார்டில் பார்த்த எதுவும் எனக்கு அவ்வளவு அசிங்கமாக இருந்ததில்லை. நானும் உனக்கு அதையேதானே எழுதினேன். ஒரு கையெழுத்துதானே என்று.

முதல்வருக்கு எழுதிக் கொடுத்தேன். பரிசு போயிற்று. ஆய்வுக்குப் பூஜ்யம். மூன்று பேர் உட்கார்ந்து விசாரித்தார்கள். நானாகவே வந்து சொன்னதால் ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறார்கள். நவம்பர் கடைசிக்குள் வீட்டுக்கு நிஜமாகவே போய்ப் புதிதாக எழுதிக் கொடுக்க வேண்டும். அதில் நீயும் அப்பாவும் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் வெளியே. அளவுகோல் இப்போது என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். வகுப்பில் யாரும் பேசுவதில்லை. தங்கள் தாள்களையும் எடுத்துப் பார்ப்பார்கள் என்று பயம்.

நான் வரலாமா? வந்தால் இருக்கும் நாளெல்லாம் அப்பாவை நானே கழுவுகிறேன். கையுறை இல்லாமல். நீ தூங்கு.

சுண்டு


அக்டோபர் 28

சுண்டு,

உன் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுசாக. குழாய் விஷயத்தையும். அவரை வைத்து நாம் ரெண்டு பேரும் அடித்துக்கொள்வது அவருக்குத் தெரிய வேண்டும் என்று ஒரு வீம்பு. வாசித்து முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பரிசு பெற்ற ஆய்வையும் அவர் மார்மேல் வைத்தேன். "பாருங்க, பொண்ணு உங்களைப் பத்தி எழுதினது" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன். கோபத்தில் செய்தேன். புரிதல் குறைவு என்று நீ எழுதியதை நானும் பாதி நம்பியிருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது.

மத்தியானம் வந்து பார்த்தால் கட்டிலெல்லாம் நீலத் தூள். தலைமாட்டில் அவருடைய பழைய தையல் டப்பா திறந்து கிடந்தது. துணியில் கோடு போடும் சாக் கட்டியை எடுத்து, தப்பாக வெட்டிய துணியில் போடுவது மாதிரி உன் ஆய்வில் குறுக்குக் கோடு போட்டிருந்தார். 'புரிதல் குறைவு' மேல் ஒரு கோடு. 'எரிச்சல் மிக்கவர்' மேல் கோடு இல்லை. அதை விட்டுவிட்டார். 'சட்டைப் பொத்தான் போடுதல்' மேல் காகிதம் கிழிகிற மாதிரி ஒரு கோடு. பக்கத்தில் இடது கையால், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதுவதுபோல் பெரிதாக ஒரே சொல்: கழுவ.

எனக்குப் புரியவில்லை. "என்னப்பா கழுவணும்? மூஞ்சியா, கையா?" என்றேன். தலையை ஆட்டினார். கழிப்பறைப் பக்கம் காட்டினார். அப்புறம் தன் பின்பக்கம். "நா...னே" என்றார்.

"ஒரு கையை வச்சுக்கிட்டு எப்படிப்பா?"

இடது கையைத் தூக்கிக் காட்டினார். வாய் ஒரு பக்கமாகக் கோணியது. சிரிக்கிறார் என்று புரியவே எனக்கு நேரமாயிற்று. "பீச்...சாங்கை," என்றார். "அது... அதுக்குத்... தானே."

சிரித்துவிட்டேன். பிப்ரவரிக்கு அப்புறம் இந்த வீட்டில் சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தான். அப்புறம் வராந்தாவில் போய் நின்று அழுதேன். எட்டு மாதமாக, நான் ஒரு நாள்கூட முகம் சுளிக்காமல் கழுவுகிறேன் என்று எனக்குள்ளே ஒரு கர்வம். உனக்கு எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் அதைத்தான் எழுதினேன், இல்லையா? அவர் சுளித்திருக்கிறார், தினமும். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வது தூக்கம் இல்லை. பெற்ற பிள்ளை தன்னைக் கழுவுவதைப் பார்க்கப் பிடிக்காமல் திரும்பிக்கொண்டிருக்கிறார். நம் ரெண்டு பேரையும்விட அருவருப்பு அவருக்குத்தான் அதிகம். நீயும் கேட்கவில்லை. பக்கத்திலேயே இருக்கும் நானும் கேட்கவில்லை.

நீ வந்து கழுவுகிறேன் என்று எழுதியிருந்தாயே, அதைப் பற்றியும் கேட்டேன். "வேணாம்" என்றார். அந்தச் சொல் மட்டும் குழறாமல் வந்தது. கோபமாகச் சொல்லவில்லை. என்னைக் காட்டியும் அதையே சொன்னார்.

அதனால் இதுதான் நிபந்தனை. வா. அவரைத் தொடாதே. அந்த ஒரு வேலையை ஒரு கையால் அவரே செய்ய உன் படிப்பில் வழி இருந்தால் கற்றுக்கொடு. செய்துவிட்டார் என்றால் ரெண்டு கையெழுத்தும் கிடைக்கும். என்னுடையது வால் இல்லாமல், அவருடையது சாக் கட்டியால். வழி இல்லையென்றால் பொத்தான் பலகையைத் தூக்கிக்கொண்டு அப்படியே போய்விடு. எனக்கு உன் மேல் கோபம் தீரவில்லை. சமையலறைக் குழாயைத் திறக்கும்போதெல்லாம் வருகிறது. அது என் பாடு.

அண்ணன்


நவம்பர் 1

அண்ணா,

வழி இருக்கிறது. இது இரண்டாம் வருஷப் பாடம். பரீட்சையில் எனக்கு எண்பத்தேழு மார்க்.

இருக்கை முப்பத்தாறு என்றால் ரொம்பத் தாழ்வு. அதிலிருந்து எழுந்திருக்க முயன்றுதான் அன்றைக்கு விழுந்திருக்கிறார். மேலே வைக்க ஒரு உயரப் பலகை வேண்டும், பத்து சென்டிமீட்டர். இடது பக்கச் சுவரில் பிடிமானக் கம்பி. காலுக்கு அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு. நாடா வைத்த கால்சட்டை கூடாது, எலாஸ்டிக். கம்பியைப் பிடித்து உட்கார்ந்த பிறகு கை காலியாகிவிடும். இடது பக்கம் குழாயும் கைத்தெளிப்பானும் இருந்தால், வலது பக்கம் லேசாகச் சாய்ந்து அவரே கழுவிக்கொள்ளலாம். சாய்ந்தால் விழாமலிருக்க வலது பக்கம் ஒரு தடுப்பு வேண்டும். ஒரே நாளில் வராது. முதல் வாரம் தரையெல்லாம் தண்ணீராகத்தான் இருக்கும். லாரி டிரைவர் பதினெட்டு நாளில் கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்ட அன்றைக்கு என்னையும் ஆயாவையும் சேர்த்தே பாட்டாகத் திட்டினார்.

இதெல்லாம் எழுதிக்கொண்டே வந்தபோதுதான் ஒன்று உறைத்தது. குழாய் வலது பக்கச் சுவரில் இருந்தால், செத்துப்போன கைப்பக்கம் இருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் இந்த எட்டு மாதமும் அவரால் முடியாமல் இல்லை, எட்டாமல்தான் இருந்திருக்கிறது. 'முன்னேற வாய்ப்பில்லை' என்று எழுதினேனே, அதை எழுதும்போது இந்த ஒரு கேள்விகூட எனக்கு வரவில்லை. எண்பத்தேழு மார்க்.

இப்போது கண்ணை மூடி எவ்வளவோ யோசித்துப் பார்க்கிறேன். பதினெட்டு வருஷம் அந்த வீட்டில் இருந்தவள். கதவின் நிறம் ஞாபகம் இருக்கிறது. உடைந்த ஓடு ஒன்று ஞாபகம் இருக்கிறது. அப்பா துண்டை இழுத்த கை ஞாபகம் இருக்கிறது. குழாய் எந்தப் பக்கம் என்று மட்டும் வரவே மாட்டேன் என்கிறது.

அளந்து எழுது என்று உன்னைக் கேட்கத்தான் இந்தக் கடிதத்தை எடுத்தேன். வேண்டாம், எழுதாதே. சனிக்கிழமை காலை பஸ்ஸில் வந்து நானே பார்க்கிறேன்.

சுண்டு